ஒரே டிஸ்க்கை நம்பாதீங்க

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த கிழமை, எங்களுடைய ஹார்ட் டிஸ்க் கம்பளையில் ஒரு நண்பரின் வீட்டில், மேசை லாச்சிக்குள் இருந்தது. இரண்டு டெராபைட். உள்ளங்கையில் அடங்கும் சைஸ். 2023இல் மலையகம் 200 நிகழ்வுகள் நடந்த காலத்தில் தொடங்கி, ஹேவாஹெட்டை, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களில் நாங்கள் எடுத்த 41 மணித்தியாலப் பதிவுகள் அதற்குள் இருந்தன. பழைய பிரஜாவுரிமைக் கடிதங்கள், கிழிந்த ரேஷன் புத்தகங்கள், இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் முன்னால் குடும்பமாக ஸ்டூடியோவில் நின்று எடுத்த படங்கள் எல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தோம்.

மகாவலி பெருகி கம்பளை டவுனுக்குள் தண்ணீர் வந்தபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளையும் அம்மாயியையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். லாச்சியை யாரும் நினைக்கவில்லை. நினைத்திருக்கவும் கூடாது. அந்த நாட்களில் கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து ஊர்களே மண்ணுக்குள் போயின. அதற்குப் பக்கத்தில் ஒரு டிஸ்க் போனதைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாள் எடுத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு டிஸ்க் கிடைத்தது. முழுக்கச் சேறு. நாங்கள் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறோம், நீங்களாவது செய்யாமல் இருப்பீர்கள். துடைத்தோம், இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம், லேப்டொப்பில் சொருகினோம். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

டவுனில் டிஸ்க் திருத்துகிற அண்ணா ஒருவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, முதலில் கேட்டது, "ஏன் தம்பி கரண்ட் குடுத்தீங்க?" சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதனூடாகத் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். அப்படியே ஈரத்தோடு ஒரு பொலித்தீன் பைக்குள் மூடிக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் கொஞ்சமாவது வாய்ப்பு இருந்திருக்கும். காய வைத்தால் சேறு தட்டில் இறுகிப் பிடித்துவிடும். கரண்ட் கொடுத்தால் வாசிக்கும் முனை அந்தச் சேற்றின் மேலேயே உரசி, தட்டைச் சுரண்டிவிடும்.

அவர் இரண்டாவதாகக் கேட்டதுதான் இந்தக் கட்டுரை. "சரி, மற்ற கொப்பி எங்க இருக்கு?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு தொன் எடையில் ஐந்து மில்லியன் எழுத்து

வீட்டுக்கு வந்த பிறகு, இந்தப் பெட்டியை மனிதர்கள் எப்படித்தான் செய்தார்கள், அதைச் செய்தவர்கள் அதை எவ்வளவு நம்பினார்கள் என்று வாசிக்கத் தொடங்கினோம். கோபத்தில் தொடங்கிய வாசிப்பு. ஆனால் அதற்குள் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது.

ஹார்ட் டிஸ்க் வீட்டுக் கணினிக்காகப் பிறந்த பொருள் அல்ல. பெரிய கொம்பனிகளும் அரசாங்கங்களும் வைத்திருந்த, ஒரு அறையை நிறைக்கும் மெயின்பிரேம் பரம்பரையில்தான் அது வளர்ந்தது. 1956 செப்டம்பரில் ஐபிஎம் கொம்பனி ராமாக் 305 என்ற கணினியை அறிவித்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜோன்சன் தலைமையில் வேலை செய்த குழு உருவாக்கியது. அதோடு சேர்ந்து வந்த '350' என்ற பெட்டிதான் சந்தைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நிமிடத்துக்கு 1,200 தடவை சுற்றும். எடை ஏறத்தாழ ஒரு தொன். கொள்ளளவு 5 மில்லியன் எழுத்துகள். இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வரும் 'குட் மோர்னிங்' ரோசாப்பூப் படங்களுக்கே அது காணாது. முழுக் கணினியின் வாடகை மாதம் 3,200 டொலர்.

இவ்வளவு செலவழித்து ஏன் வாங்கினார்கள்? அதுவரை தரவுகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடா என்பது பழைய கசெட் மாதிரி. பத்தாவது பாட்டு வேணுமென்றால் ஒன்பது பாட்டையும் சுற்றித் தள்ளணும். டிஸ்க்கில் முனை நேராக அந்த இடத்துக்கே போய் நிற்கும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கை அவர் முன்னால் நிற்கும்போதே பார்க்கலாம். ராமாக் என்ற பெயரே, நேராகப் போய் எடுத்துக் கணக்குப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் ஒரு முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 'கணக்கு', 'கட்டுப்பாடு' என்ற இரண்டு சொல்லையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். திரும்ப வருவோம்.

அடுத்த 25 வருடமும் ஒரே ஓட்டம்தான். அதே அளவு இடத்துக்குள் இன்னும் கூட எழுதணும். அதற்கு வாசிக்கும் முனை தட்டுக்கு இன்னும் கிட்டப் போகணும், ஆனால் தொடக்கூடாது. முதல் பெட்டியில் அழுத்தக் காற்றை ஊதித்தான் முனையைத் தட்டிலிருந்து விலக்கி வைத்தார்கள். 1961இல் வந்த 1301இல், சுற்றும் தட்டே இழுத்துவரும் காற்றின் மேல் முனை தானாக மிதந்தது, ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர் உயரத்தில். மனிதத் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு. இன்றைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர் மட்டும்தான். எங்கள் டிஸ்க்கில் அந்த இடைவெளிக்குள்தான் மகாவலிச் சேறு போய்ப் படிந்தது.

1962இல் தட்டுகளைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அடுக்குகள் வந்தன. 1970இல் அறிவித்த 3330இல் ஓர் அடுக்குக்கு 100 மெகாபைட். 1973இல் 3340. அதில் முனை, தட்டு எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் தூசி போகாமல் அடைத்தார்கள். முதலில் 30 மெகாபைட் கொண்ட இரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டதால், '30-30' துப்பாக்கியை நினைத்துக்கொண்டு கென் ஹோட்டன் என்ற பொறியியலாளர் அதற்கு 'வின்செஸ்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார். உங்கள் லாச்சியில் கிடக்கும் டிஸ்க்கும் அந்த வின்செஸ்டரின் பேரப்பிள்ளைதான். 1980இல் அறிவித்த 3380 கிகாபைட் எல்லையைத் தாண்டியது. குளிர்சாதனப் பெட்டி அளவு அலுமாரி ஒன்றில் 2.52 கிகாபைட். இப்போது 30 டெராபைட்டைத் தாண்டிய ஒற்றை டிஸ்க் விற்கிறார்கள். முதல் பெட்டியை விடப் பல மில்லியன் மடங்கு.

செய்தவர்களே நம்பவில்லை

இதுவரை சொன்னது கொள்ளளவு கூடின கதை. எங்களைத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு கதை. இந்த டிஸ்க்குகளை வைத்து வேலை செய்த யாருமே ஒரு டிஸ்க்கை நம்பி இருந்ததில்லை.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூன்று பேர் 1988இல் ஒரு ஆய்வுக்கட்டுரை வாசித்தார்கள். 3380 மாதிரியான பெரிய, விலை கூடின ஒரு மெயின்பிரேம் டிஸ்க்குக்குப் பதிலாக, தனிநபர் கணினிக்குச் செய்த சின்ன, மலிவான டிஸ்க்குகள் பலவற்றை வரிசையாக வைத்தால் என்ன என்பது அவர்களுடைய கேள்வி. உடனே ஒரு கணக்கும் போட்டார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் என்று வையுங்கள். அப்படி 100 டிஸ்க்கை ஒன்றாக வைத்தால், அதில் ஏதாவது ஒன்று பழுதாகச் சராசரியாக 300 மணித்தியாலம் போதும். இரண்டு கிழமை கூட இல்லை.

பழுதாகும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வழி பிறந்தது. 7, 5 என்று இரண்டு எண்களை இரண்டு டிஸ்க்கில் எழுதுகிறீர்கள் என்றால், மூன்றாவது டிஸ்க்கில் 12 என்று கூட்டுத்தொகையையும் எழுதிவிடுங்கள். 5 இருந்த டிஸ்க் செத்தால் 12இலிருந்து 7ஐக் கழித்து அதைத் திரும்ப எடுக்கலாம். உண்மையான முறை இதைவிட நுணுக்கமானது, ஆனால் யோசனை இதுதான். இதைத்தான் ரெய்ட் என்கிறோம். இன்று வங்கிகளிலும் பெரிய தரவு நிலையங்களிலும் இதன் ஏதோவொரு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதுவும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். கட்டடமே எரிந்தால் வரிசை முழுக்க எரியும். அதனால் மெயின்பிரேம் அறைகளில் டிஸ்க்கில் இருப்பதை நாடாவுக்குக் கொப்பி எடுத்து வேறு இடத்தில் வைக்கும் வழக்கம் இருந்தது. அதில் ஒரு முறைக்குப் பெயர் என்ன தெரியுமா? தாத்தா, அப்பா, மகன். இன்றைய கொப்பி மகன். நாளைக்குப் புதுசு எடுத்தால் இன்றையது அப்பாவாகும், நேற்றையது தாத்தாவாகும். மூன்று தலைமுறையும் இருக்கும்வரைக்கும் மகனில் பிழை வந்தால் அப்பாவிடம் போகலாம், அப்பாவும் கெட்டுப்போயிருந்தால் தாத்தாவிடம் கேட்கலாம்.

இதை வாசித்தபோது எங்களில் ஒருவர் சொன்னார், "இதத்தானே 1948ல நம்மகிட்ட கேட்டான்."

தாத்தா எங்கே பிறந்தார்?

உண்மைதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது இதைத்தான். நீ இங்கே பிறந்தது போதாது, உன் அப்பா இந்த நாட்டில் பிறந்திருக்கணும். இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். அதற்குச் சான்று காட்டணும். எத்தனையோ லயக் காம்பராக்களில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவே இல்லாத காலம். அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், கல்யாணமானவர்கள் ஏழு வருடமும் மற்றவர்கள் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

எங்கள் சனத்தைப் பற்றி எழுத்துப் பதிவே இல்லாமலா இருந்தது? நிறைய இருந்தது. தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் பெரட்டுக்கு வந்தவரின் பெயரை செக்ரோலில் எழுதினார்கள். கொழுந்தின் நிறையை எழுதினார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்' என்று எழுதினார்கள். அதற்கு முந்திய காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகிற ஆளுக்கு எவ்வளவு கடன் என்று எழுதின சீட்டு. அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆளை எடுக்கலாம். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

கணக்கும் கட்டுப்பாடும். எங்கள் பாட்டன் பூட்டன் எவ்வளவு கடன்பட்டார்கள் என்பதை மறக்காமல் எழுதி வைத்த நிர்வாகத்தில், அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்று காட்ட ஒரு கொப்பியை அவர்கள் கையில் கொடுக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. செக்ரோல் தோட்டத்து ஒப்பீஸில் இருந்தது. லயத்தில் இல்லை.

1964ஐ எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 7ஆம் திகதி ஐபிஎம் சிஸ்டம் 360 என்ற மெயின்பிரேம் வரிசையை அறிவித்தது. உலகம் முழுக்கக் கொம்பனிகளும் அரசாங்கங்களும் தங்கள் பதிவேடுகளை டிஸ்க்குக்கும் நாடாவுக்கும் மாற்ற அது பெரிய தள்ளுக் கொடுத்தது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியப் பிரஜாவுரிமைக் கடதாசி வேலைகளுக்காக எங்கள் சனம் வந்து நின்றது இந்தக் கண்டி டவுனில், இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வாசலில். ஃபைல் காணாமல் போனால், ஒரு எழுத்துப் பிழைத்தால், அப்பாவும் மகனும் இரண்டு நாட்டுக்காரர்.

நாடற்றவர் என்ற நிலையை முடிக்க 1988இலும் 2003இலும் கூடச் சட்டங்கள் தேவைப்பட்டன. 2003 என்றால் எங்களில் சிலர் பிறந்துவிட்டோம்.

கொப்பி இல்லாததற்கு எவ்வளவு விலை கொடுக்கணும் என்பது இலங்கையில் எங்களை விட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் 41 மணித்தியாலத்தை ஒரே லாச்சியில் வைத்தோம். பழி வேறு யார் மேலேயும் இல்லை.

பெரிய டிஸ்க் தரும் தூக்கம்

இது எங்களுடைய சோம்பல் மட்டும் என்றால் ஒரு மன்னிப்போடு முடித்திருப்போம். ஆனால் கொள்ளளவு கூடக்கூட இந்தத் தூக்கமும் கூடுகிறது என்று நினைக்கிறோம். முந்தி மெமரி கார்ட் நிறைந்துவிடும். அதனால் மாற்றணும், பிரிக்கணும், எதை வைப்பது எதை அழிப்பது என்று உட்கார்ந்து பேசணும். அந்தப் பேச்சிலேயே ஒன்று இரண்டு பேரிடம் கொப்பி போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு டெராபைட் வந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. "எல்லாம் அதுல இருக்கு" என்ற ஒரே வாக்கியம்தான் மிச்சம்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் கடைசியில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையம் ஒன்று தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைத்த 858 டெராபைட் களஞ்சியம் அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே கொப்பி வைக்க முடியவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். உலகத்துக்கே மெமரி சிப் செய்து விற்கிற நாடு அது.

எங்கள் நாட்டையும் பாருங்கள். 2023இல் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் மேல் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் தாக்குதல் நடந்தது. கொப்பியும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த கொப்பி இல்லை. அரசாங்க மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை போய்விட்டன. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன.

"கிளவுட்ல போட்டா சரிதானே" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இது. போடுங்கள். நாங்களும் இனிப் போடுவோம். ஆனால் கிளவுட் என்பது வேறொருவருடைய டிஸ்க். மாதக் காசு கட்டாவிட்டால், பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் வெளிநாடு போய்விட்டால், கணக்கு பூட்டப்பட்டால், எங்கள் சாமான் எங்கள் கையில் இல்லை. தோட்டத்து ஒப்பீஸ் அலுமாரி மாதிரியேதான், அலுமாரி கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. அது ஒரு கொப்பியாக இருக்கலாம். ஒரே கொப்பியாக இருக்கக்கூடாது.

எங்களோடு நாங்கள் போட்ட சண்டை

எல்லாருக்கும் கொப்பி கொடுப்போம் என்று நாங்கள் பேசத் தொடங்கியதும் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்பு. அந்த 41 மணித்தியாலத்தில் எல்லாம் ஊருக்குச் சொல்லும் கதை இல்லை. கங்காணி வீட்டில் நடந்ததை ஒரு அம்மாயி சொன்னார். சீட்டுக்காசு எடுத்துக்கொண்டு ஓடியவர் பெயரை ஒரு தாத்தா சொன்னார். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே லயத்தில் இருக்கிறார்கள். பத்துக் கொப்பி என்றால் பத்து இடத்தில் கசியலாம்.

நாங்கள் வந்து சேர்ந்த முடிவு, பாதுகாப்பது வேறு, பகிரங்கமாக்குவது வேறு என்பதுதான். பேசினவரிடமே கேட்கணும், "இதை யார் கேட்கலாம்?" என்று. அவர் 'என் காலத்துக்குப் பிறகு' என்றால் அது வரைக்கும் பூட்டி வைக்கணும். பூட்டி வைப்பதையும் இரண்டு மூன்று இடத்தில் பூட்டி வைக்கலாம். பேசினவருக்கே ஒரு கொப்பி கொடுக்கணும், அவர் வீட்டில் யாரிடமாவது இருக்கும் ஃபோனிலாவது. இதை நாங்கள் தொடக்கத்திலேயே செய்திருந்தால் இன்று பாதிப் பதிவு தப்பியிருக்கும். எடுத்துக்கொண்டு போனோம், திரும்பக் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் நாங்களும் கொஞ்சம் துரைமார் மாதிரித்தான் நடந்திருக்கிறோம்.

காசு இல்லையே என்ற பேச்சும் வந்தது. சரிதான். டிஸ்க் விலை எங்களுக்குத் தெரியும். ஆனால் 41 மணித்தியால ஒலியை நல்ல தரத்தில் வைத்தாலும் ஒரு 64 கிகாபைட் பென் டிரைவுக்குள் அடங்கும். நான்கு பென் டிரைவ், நான்கு வீடு. அதற்கு நன்கொடை நிறுவனம் ஒன்றும் தேவை இல்லை. ஒரு கல்யாண வீட்டு மொய்க்காசு போதும்.

இனிமேல்

எங்கள் ஃபோன்களிலும் பழைய வாட்ஸ்அப் குரலஞ்சல்களிலும் தேடி 9 மணித்தியாலத்தை மீட்டிருக்கிறோம். தரம் குறைவு, ஆனால் குரல் கேட்கிறது. மீதி 32 மணித்தியாலத்தில் பேசியவர்களில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது. மற்றவர்களிடம் போகத் தொடங்கியிருக்கிறோம்.

இந்த முறை எங்கள் ஒழுங்கு இப்படி. பதிவு எடுத்த அன்று ராத்திரியே மூன்று கொப்பி. ஒன்று எங்களிடம் டிஸ்க்கில். ஒன்று இணையத்தில். ஒன்று பென் டிரைவில், ஆற்றுக்கும் சரிவுக்கும் தூரமான வேறொரு ஊரில். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லாக் கொப்பியையும் திறந்து கேட்டுப் பார்ப்பது, ஏனென்றால் திறந்து பார்க்காத கொப்பி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுவது. பாஸ்வேர்ட் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருப்பது.

நான்காவது கொப்பி ஒன்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் போன எங்கள் சொந்தக்காரர் நீலகிரியில் இருக்கிறார்கள், கூடலூரில், கோத்தகிரியில். அவர்களுக்காகத் தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் எங்கள் பெரியம்மாமாரும் சித்தப்பாமாரும் கொழுந்தெடுத்தார்கள். இங்கே சொன்ன கதையின் மறுபாதி அங்கே இருக்கிறது. ஒரு கொப்பி அங்கே போய், அவர்களுடைய கொப்பி ஒன்று இங்கே வந்தால், 1964இல் பிரித்த குடும்பங்களின் கதையாவது ஒரே இடத்தில், இல்லை, இரண்டு இடத்தில் சேர்ந்திருக்கும்.

நாங்கள் வெறும் தரையில் தொடங்கவில்லை. கண்டியில் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய ஆவணங்களை வருடக்கணக்காகச் சேர்த்தது. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்து லயம் ஒன்றில் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் மலையக நூல்களும் பத்திரிகைகளும் இருக்கின்றன. அவர்களிடம் போங்கள், பாருங்கள், உங்களிடம் இருப்பதில் ஒரு கொப்பி கொடுங்கள். ஆனால் "அவங்ககிட்ட இருக்குதானே" என்று உங்கள் கொப்பியை அழித்துவிடாதீர்கள். யாழ்ப்பாண நூலகத்திலும் எல்லாம் இருந்தது, 1981 வரைக்கும்.

தெல்தோட்டைப் பக்கத்து அம்மாயி ஒருவரிடம் போன மாதம் திரும்பப் போனோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். முதல் தடவை இரண்டரை மணித்தியாலம் பேசினவர். திட்டுவார் என்று நினைத்தோம். "அதுக்கென்ன தம்பி, நான் இருக்கேன்ல, திரும்பச் சொல்றேன்" என்றார். சொன்னார். ஆனால் முதல் தடவை பாடின ஒரு தாலாட்டின் நடுப்பகுதி இந்த முறை அவருக்கு வரவில்லை. எவ்வளவோ யோசித்தார். அவருடைய மகளும் கூட இருந்து பார்த்தார், அவருக்கும் வரவில்லை.

அந்த நான்கு வரி அந்தச் சேறு பிடித்த டிஸ்க்கில் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

உங்கள் வீட்டு லாச்சியில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே ஒருக்கா திறந்து பாருங்கள். இருப்பதை இன்னொரு வீட்டில், முடிந்தால் இன்னொரு ஊரில், ஒரு கொப்பி வையுங்கள். கொப்பி எடுக்கத் தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். பென் டிரைவ் நாங்கள் கொண்டுவருகிறோம், பிளேன்டி மட்டும் நீங்கள் தாருங்கள்.